நுண்ணோக்கியின் முன்வில்லை: நெருக்கமும் காவலும்

நுண்ணோக்கியின் வரலாற்றை எழுதுவோர் அக்கருவி கண்டு காட்டியவற்றையே பெரும்பாலும் வரிசைப்படுத்துவர். உயிரணு, குருதியின் சிவப்பணு, காசநோய்க் கிருமி, மலேரியா ஒட்டுண்ணி என்று அவ்வரிசை நீளும். ஆனால் அக்கருவி எவ்வாறு கெட்டது, கெடாமல் காக்க மனிதர் என்னென்ன செய்தனர் என்று எழுதுவோர் மிகச் சிலரே. இது சிறிய செய்தி என்று ஒதுக்கத்தக்கதன்று. மங்கிய வில்லையின் வழியே பார்ப்பவன், தான் ஒன்றையும் காணவில்லை என்பதை அறியான்; அங்கு ஒன்றும் இல்லை என்றே எழுதிவிடுவான். அவன் பார்த்தது ஒரு நோயாளியின் குருதியாக இருப்பின், அந்த ஒரு சொல்லின் விளைவு என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

சொற்களை முதலில் தெளிவு செய்துகொள்வோம். கண்ணை வைத்துப் பார்க்கும் முனையில் இருப்பது கண்ணருகு வில்லை. பார்க்கப்படும் பொருளை நோக்கிக் கீழே தொங்குவது பொருளருகு வில்லை. அஃது ஒரே கண்ணாடி அன்று. ஒரு சிறு பித்தளைக் குப்பிக்குள் பல வில்லைகள் அடுக்கப்பட்ட தொகுதி. அவற்றுள் கடைசியாக, பொருளை ஏறக்குறைய முத்தமிடும் தொலைவில் நிற்பதே முன்வில்லை. உருப்பெருக்கம் மிகுந்த குப்பிகளில் இம்முன்வில்லை ஓர் அரிசிமணியை விடப் பெரிதாய் இராது. கருவியின் விலையில் பெரும்பங்கு இக்குப்பிகளுக்கே உரியது. கருவியில் எளிதிற் கெடுவதும் இதுவே.

டச்சு நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லூவன்ஹூக் (1632–1723) செய்த நுண்ணோக்கிகளில் இந்த இடர் மிகக் குறைவு. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே ஒரே ஒரு சிறு மணிவில்லையைப் பொதிந்து வைத்தார். பார்க்கவேண்டிய பொருள் ஓர் ஊசிமுனையில் ஒட்டப்பட்டிருக்கும். திருகைத் திருப்பினால் ஊசி அசையும். வில்லை தகடுகளின் குழிக்குள் அடங்கியிருந்ததால் எளிதில் எதனோடும் உரசவில்லை. அன்றியும், கருவியைத் தொட்டவர் பெரும்பாலும் அதைச் செய்தவர் ஒருவரே. தாம் செய்த வெள்ளி நுண்ணோக்கிகள் 26ஐ லண்டன் ராயல் சங்கத்துக்கு அவர் விட்டுச் சென்றார். அவை கீறலால் அழியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் எப்படியோ காணாமலே போய்விட்டன! காவல் என்பது கீறலுக்கு மட்டும் வேண்டுவதன்று போலும்.

இடர் வளர்ந்தது வில்லை சிறந்தபோதுதான். பல வில்லைகள் சேர்ந்த நுண்ணோக்கிகளில் நெடுங்காலம் பொருளின் ஓரமெல்லாம் வானவில் நிறம் படிந்து உருவம் குழம்பித் தோன்றியது. இக்குறையை நீக்கும் வழியை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1830இல் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். அவர் தொழிலால் மது வணிகர். அறுவை மருத்துவத்தில் கிருமிநீக்கத்தைக் கொணர்ந்த ஜோசப் லிஸ்டர் இவருடைய மகனே. இரு வகைக் கண்ணாடிகளை இணைத்த வில்லைகளைத் தக்க இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவது அவர் முறை. இவ்வகை வில்லைகளை ஒட்டக் கனடா பால்சம் என்னும் மரப்பிசின் பயன்பட்டது. தெளிவு கிடைத்தது, ஆனால் ஒட்டுப்பிசின் என்ற புதிய பலவீனமும் கூடவே வந்தது. பின்னாளில் எத்தனையோ குப்பிகள் அடிபடாமலே கெட்டது இப்பிசினால்தான்.

உருவம் தெளிந்ததும் மேலும் மேலும் நுணுகிப் பார்க்கும் ஆசை எழுந்தது. நுணுகிப் பார்க்க வேண்டுமானால் நெருங்க வேண்டும். சாவித்துளை வழியே அறையை எட்டிப் பார்ப்பவன் கண்ணைத் துளையோடு ஒட்ட வைத்தால் அறை முழுவதும் தெரியும். ஓரடி விலகினால் எதிர்ச்சுவரின் ஒரு புள்ளியே தெரியும். அதுபோலப் பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கதிர்களை இயன்ற மட்டும் அகலமாக ஏற்றுக்கொள்ளும் வில்லையே நுட்பத்தைப் பிரித்துக் காட்டும். சிறிய வில்லை அகலமாக ஏற்க வேண்டுமானால் பொருளை நெருங்கியே ஆக வேண்டும். லண்டனில் பவல், லீலண்ட் ஆகியோரின் பட்டறை 1864இல் ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு குவியத்தூரம் கொண்ட பொருளருகு வில்லையைச் செய்தது. அது பொருளைத் தொடாமல் நின்றதே ஒரு வித்தை.

இன்று பள்ளி, கல்லூரிகளில் வழங்கும் நுண்ணோக்கியையே எடுத்துக்கொள்வோம். 10 மடங்கு பெருக்கும் குப்பிக்கும் பொருளுக்கும் இடையே பல மில்லிமீட்டர் வெளி இருக்கும். 40 மடங்குக் குப்பியில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 100 மடங்குக் குப்பியிலோ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான். நாம் எழுதும் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஆகவே அந்த இடைவெளியில் ஒரு தாள் நுழையலாம். இரண்டாவது நுழைவது ஐயமே. திருகு ஒரு சுற்றில் சிறிது மிகுந்தால் வில்லை கண்ணாடியில் மோதிவிடும் என்பதில் வியப்பென்ன?

பொருளின்மேல் மூடும் மெல்லிய மூடுதகடும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும். அதன் கனம் சிறிது மாறினாலும் உருவம் கெடுவதைக் கண்ட லண்டன் கருவிக் கைவினைஞர் ஆண்ட்ரூ ராஸ், 1837இல் திருத்துவளையம் ஒன்றைக் குப்பியில் பொருத்தினார். வளையத்தைத் திருப்பினால் உள்ளிருக்கும் வில்லைகளின் இடைவெளி மாறும். தொடக்கத்தில் வளையம் முன்வில்லையையே முன்னும் பின்னும் நகர்த்தியது. பார்ப்பவர் கண் உருவத்தின்மேல் இருக்க, கை வளையத்தைத் திருப்ப, முன்வில்லை இறங்கிவந்து மூடுதகட்டை நொறுக்க இடமிருந்தது. பின்னர் முன்வில்லையை அசையாமல் நிறுத்தி, மேலுள்ள வில்லைகளை மட்டும் நகர்த்தும் அமைப்பு வந்தது. வில்லையைக் காப்பதற்கென்றே கருவியின் அமைப்பை மாற்றிய பழைய எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. இன்று மூடுதகட்டின் கனம் 0.17 மில்லிமீட்டர் என்று வரையறுத்து, குப்பியின் பக்கத்திலேயே அவ்வெண்ணைப் பொறித்துவிடுகின்றனர்.

ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் (1816–1888) நடத்திய பட்டறையில் பேராசிரியர் எர்ன்ஸ்ட் அபே (1840–1905) சேர்ந்தபின் நெருக்கம் புதிய வடிவம் கொண்டது. வில்லைக்கும் மூடுதகட்டுக்கும் இடையே காற்றுக்குப் பதிலாகக் கண்ணாடியின் ஒளிவிலகலை ஒத்த எண்ணெய் இருந்தால் ஒளி சிதறாது வரும் என்ற கருத்தை ஸ்டீபன்சன் என்ற ஆங்கிலேயர் தெரிவிக்க, அபே 1878இல் அத்தகைய எண்ணெய்வில்லையைச் செய்து முடித்தார். சீடர் மர எண்ணெய் இதற்கு ஏற்றதாயிற்று. இராபர்ட் காக் கிருமிகளை ஆராய்ந்ததும், 1882இல் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்ததும் இவ்வகை வில்லைகள் கைக்கு வந்த காலத்திலேதான்.

எண்ணெய் வில்லைக்குத் துணை. துடைக்காமல் விட்டால் அதுவே பகை. சீடர் எண்ணெய் நாளடைவில் இறுகி வார்னிஷ் போல் ஆகிவிடும். இறுகியதைக் கரைக்கச் சைலீன் என்ற கரைப்பானைத் தாராளமாக ஊற்றினால் அது விளிம்பின் வழியே உட்புகுந்து, வில்லைகளை ஒட்டிய கனடா பால்சத்தையும் இளக்கிவிடும். கறை போயிற்று என்று மகிழ்ந்தவர் சில நாட்களில் வில்லைக்குள்ளே ஒரு மேகம் படர்வதைக் காண்பார். 20ஆம் நூற்றாண்டில் இறுகாத செயற்கை எண்ணெய்கள் வந்தன. அவற்றுட் சில, குளோரின் கலந்த நச்சுப் பொருள்களைக் கொண்டிருந்ததால் 1970களில் கைவிடப்பட்டன. இப்போது விற்பவை அந்நஞ்சு அற்றவை, எளிதில் உலராதவை. எனினும் வேலை முடிந்ததும் துடைக்க வேண்டும் என்ற விதியிலிருந்து அவையும் நமக்கு விடுதலை தரவில்லை.

எண்ணெயால் நேரும் இன்னொரு கேடு மிகச் சாதாரணமானது. ஆய்வகம் நடத்துவோர் எல்லாரும் அறிந்தது. 100 மடங்குக் குப்பியில் எண்ணெயிட்டுப் பார்த்த மாணவன், இன்னொரு முறை 40 மடங்கில் பார்க்கலாமே என்று சுழல்தலையைத் திருப்புவான். 40 மடங்குக் குப்பி எண்ணெய்க்கென அமைந்ததன்று. அஃது எண்ணெய்க் குட்டையில் நேரே முழுகிவிடும். அடுத்து வருபவன் மங்கலாகத் தெரிகிறதே என்று திருகை இறக்கிக்கொண்டே போவான். ஒரு சொட்டு எண்ணெயில் தொடங்கியது கண்ணாடி நொறுங்குவதில் முடியும்.

கருவி அறிஞரின் மேசையில் ஒருவர் கைக்கு மட்டும் உரியதாய் இருந்தவரை இச்சிக்கல்கள் பெரிதாகவில்லை. கைகள் பெருகியபோதே காவலும் பெருக வேண்டியதாயிற்று. லண்டன் சவுத் கென்சிங்டனில் 1871இல் பள்ளி ஆசிரியர்களுக்கென்று தாமஸ் ஹக்ஸ்லி நடத்திய உயிரியல் வகுப்பு இதில் ஒரு திருப்பம் எனலாம். சொற்பொழிவைக் கேட்டுவிட்டுப் போகாமல், ஆசிரியர்கள் தாமே அறுத்து, தாமே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. அதன்பின் மருத்துவக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வரிசை வரிசையாக நுண்ணோக்கிகள் அமர்ந்தன. வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனம் தன் 1,00,000ஆவது நுண்ணோக்கியை 1907இல் காக் அவர்களுக்குப் பரிசாக அளித்தது என்றால், அக்கருவி எத்துணைப் பரவிவிட்டது என்று நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இத்தனை கைகளுக்கும் ஈடுகொடுக்கக் கருவி செய்வோர் கண்ட வழிகளுள் சிறந்தது சுருள்வில் வைத்த குப்பி. முன்வில்லை தாங்கிய உறை ஒரு வில்லின்மேல் நிற்கும். கண்ணாடியில் மோதினால் உடையாமல் உள்வாங்கிக்கொள்ளும். இதனுடன், மேடை ஓர் அளவுக்கு மேல் உயராதபடி நிறுத்தும் தடைத்திருகும் வந்தது. பழைய கருவிகளில் குழாய் கீழே இறங்கியது. பெரிய திருகைக் கைவிட்டால் குழாயின் எடையே வில்லையை மோதச் செய்யக்கூடும். குழாயை அசையாமல் நிறுத்தி மேடையை ஏற்றியிறக்கும் அமைப்பு வந்தபின் இவ்வச்சம் குறைந்தது. ஒரு குப்பியில் தெளிந்த உருவம் அடுத்த குப்பிக்குத் திருப்பினாலும் ஏறத்தாழத் தெளிவாகவே இருக்குமாறு நீளங்களை ஒத்தமைத்ததும் காவலே; ஒவ்வொரு முறையும் தேடித் திருக வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் இவற்றை நம்பிக் கையை அவிழ்த்துவிடக் கூடாது. சுருள்வில் உடைப்பைத் தடுக்கும், உரசலைத் தடுக்காது. மணல் துகள் ஒன்று இடையில் இருந்தால், வில்லின் அழுத்தமே அதைக் கண்ணாடிமேல் இழுத்துக் கோடு கீறும். பழைய ஆசிரியர்கள் கற்பித்த முறையே இன்றும் சிறந்தது என்பது என் கருத்து. கண்ணைக் கருவியில் வைக்காமல், பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வில்லையைப் பொருளுக்கு அருகே கொண்டுவர வேண்டும். பின்னரே கண்ணை வைத்து, விலக்கிக்கொண்டே தெளிவைத் தேட வேண்டும். நெருங்கும்போது வெளிக்கண், விலகும்போது உட்கண். இவ்வொன்றைப் பழக்கிவிட்டால் மோதல் ஏறக்குறைய இல்லை.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உண்டு. பொருளை ஏந்திய கண்ணாடித் தகட்டை, அதாவது ஸ்லைடை, மாணவன் தலைகீழாக வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஸ்லைடின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 40 மடங்குக் குப்பியின் இடைவெளியோ அதில் பாதி. எவ்வளவு நெருங்கினாலும் பொருள் தெளியாது. தெளியவில்லையே என்று இன்னும் நெருங்குவான். குறைந்த பெருக்கத்தில் நன்றாகத் தெரிந்தது மிகுந்த பெருக்கத்தில் தெரியவில்லை என்று ஒருவன் முறையிட்டால், திருகைத் தொடுமுன் ஸ்லைடைப் புரட்டிப் பார்க்கச் சொல்வதே ஆசிரியரின் முதல் வேலையாக இருக்கட்டும்.

இனி வெப்ப நாடுகளுக்கு வருவோம். ஐரோப்பாவில் வடிவமைத்த வில்லை இங்கு வந்தபோது, அங்கே தான் அறியாத பகைவரைச் சந்தித்தது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அந்நாட்களில் தம் நெற்றியிலும் கைகளிலும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன என்றும், எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையும் வெடித்திருந்தது என்றும் அவர் பின்னாளில் எழுதினார். கண்ணருகு வில்லை வெடித்தும் அவரால் பார்க்க முடிந்தது. பொருளருகு வில்லை வெடித்திருந்தால் அந்த நாள் வரலாற்றில் இடம்பெற்றிருக்குமா என்பது ஐயமே.

அக்கண்டுபிடிப்பின் பயன் விரைவிலேயே மலாயாவுக்கு வந்தது. கோலாலம்பூரில் 1900இல் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவை அடக்கினார். ரப்பர்த் தோட்டங்களில் காய்ச்சலால் மடிந்தவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளர் பலர் என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காய்ச்சல் மலேரியாவா, வேறொன்றா என்று உறுதி செய்ய விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டுக் குருதியைக் கண்ணாடியில் பரப்பி, சாயமேற்றி, எண்ணெய்வில்லையின் கீழ்ப் பார்ப்பதே வழி. சிவப்பணு ஒன்றின் குறுக்களவு ஏழு, எட்டு மைக்ரான். அதனுள் இளம் ஒட்டுண்ணி ஒரு சிறு மோதிரம் போல் கிடக்கும். வில்லையில் இலேசான படலம் இருந்தாலும் அம்மோதிரம் தப்பிவிடும்.

அப்படலத்தை இந்நாட்டில் பெரும்பாலும் உண்டாக்குவது பூஞ்சணம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். மூடிவைத்த தோற்பையிலும் மரப்பெட்டியிலும் ஈரம் தங்கும். தூசி, கைரேகை எண்ணெய், ஒட்டுப்பிசின் இவை பூஞ்சணத்துக்கு உணவு. சிலந்தி வலை போன்ற மெல்லிழைகள் கண்ணாடியின்மேல் படரும். அவை கசியும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். இழையைத் துடைத்துவிடலாம், அரித்த தடத்தைத் துடைக்க முடியாது. 1886இல் யேனாவிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற நிறப்பிழையற்ற வில்லைகளுள் சிலவற்றின் புதுவகைக் கண்ணாடியே நிலையற்றதாய் இருந்து, காலப்போக்கில் மங்கியதும் உண்டு. புதுமை எப்போதும் வலிமை அன்று.

இரண்டாம் உலகப்போரில் நியூகினித் தீவின் காடுகளில் படைவீரரின் தொலைநோக்கிகளும் நுண்ணோக்கிகளும் பூஞ்சணத்தால் குருடாயின. அதன்பின்னரே இச்சிக்கலைப் பெரிய அளவில் ஆராய்ந்தனர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பூஞ்சை அறிஞர் எத்தல் மக்லெனன் அம்மையாரும் டர்னர் முதலிய அவருடைய கூட்டாளிகளும் பாதரசம் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி ஒன்றைக் கருவிக்குள் வைத்துத் தடுக்கும் முறையை வகுத்து, 1946இல் ‘நேச்சர்’ ஏட்டில் வெளியிட்டனர். போர் வாராதிருந்தால் வெப்ப நாட்டு மருத்துவமனைகளின் மங்கிய வில்லைகளை யார் பொருட்படுத்தியிருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது. இன்று பாதரசத்தை விரும்புவார் இல்லை. உலர்வறையில் வைப்பதும், பெட்டிக்குள் சிலிக்கா மணிகளை இட்டு அவை நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுவதும், அலமாரிக்குள் சிறு மின்விளக்கை எரியவிடுவதுமே வழக்கம். எல்லாவற்றிலும் எளியது, கருவியை அடிக்கடி பயன்படுத்துவது. ஆண்டுக்கு ஒருமுறை தேர்வுக்காக மட்டும் வெளியே வரும் நுண்ணோக்கியைத்தான் பூஞ்சணம் மிகவும் விரும்புகிறது!

துடைப்பதைப் பற்றியும் ஒரு சொல். மோதி உடைந்த வில்லைகளைவிடத் துடைத்துக் கெடுத்த வில்லைகளே மிகுதி என்று நான் கருதுகிறேன். சட்டை நுனி, கைக்குட்டை, பஞ்சு வேட்டியின் ஓரம் ஆகியவற்றில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத மணல் இருக்கும். அது கண்ணாடியை மட்டுமன்றி, ஒளி எதிரொளிக்காமல் இருக்க அதன்மேல் பூசிய மெல்லிய படலத்தையும் கீறும். அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் சைஸ் நிறுவனத்தில் கண்ட இப்பூச்சு தொடக்கத்தில் மிக மென்மையானதாய் இருந்தது. ஆகவே முதலில் காற்றை ஊதும் சிறு இரப்பர்க் குமிழால் தூசியைப் போக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பின்னரே வில்லைத் தாளில் ஒரு சிறு துளி துடைப்பு நீர் இட்டு, அழுத்தாமல், நடுவிலிருந்து விளிம்புக்கு ஒருமுறை. அதே தாளை இரண்டாம் முறை பயன்படுத்தலாகாது. எண்ணெய்க்குப் பயன்பட்ட தாளால் உலர்வில்லையைத் தொடவே கூடாது.

வில்லை உண்மையில் அழுக்கடைந்ததா, துடைக்கத்தான் வேண்டுமா என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. குப்பியைத் திருகிக் கழற்றுங்கள். ராயல் நுண்ணோக்கிச் சங்கம் 1858இல் வகுத்த ஒரே அளவுத் திருகையே பின்னர்ப் பெரும்பாலான நிறுவனங்கள் மேற்கொண்டதால் கழற்றுவது எளிது. குழாயிலிருந்து கண்ணருகு வில்லையை உருவி, தலைகீழாகப் பிடித்துக் கண்ணருகே வைத்தால் அது நல்ல பூதக்கண்ணாடி ஆகும். குப்பியின் முன்வில்லையை விளக்கொளியில் சாய்த்து அதன்வழியே பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளியாய்த் தெரியும். எண்ணெய் நீலமும் மஞ்சளுமாய் மின்னும். பூஞ்சணம் கிளைவிட்ட இழையாய்த் தெரியும். கீறல் சாய்வை மாற்றும்போதெல்லாம் ஒரே இடத்தில் பளிச்சிடும். ஒன்றும் தெரியாவிட்டால் துடைக்காமலே திரும்பப் பொருத்திவிடுங்கள்.